‘ஏ’ என்பவரைக் காணவில்லை

எங்கள் ஊரில் ஒரு பாட்டனாரின் விலை முந்நூற்றைம்பது ரூபாய். வரி தனி.

இது நான் வைத்த விலை அல்ல. டிஃபா அலுவலகத்தில் படியேறியதும் இடதுபக்கச் சுவரில் பலகை தொங்கும். உயிரோடு இருப்பவரின் முதலெழுத்தை விரிக்க இருநூறு. காலமானவர் என்றால் இருநூற்றைம்பது. பாட்டனாரும் அவருக்கு மேற்பட்ட முன்னோரும் முந்நூற்றைம்பது. அடியில் சிவப்பு எழுத்தில், ‘பேரம் பேசுதல் கூடாது.’ காரைக்காலில் கத்தரிக்காய்க்குக்கூட யாரும் இப்படி முகத்தில் அடித்தாற்போல் எழுதி வைப்பதில்லை. பலகையைப் படித்த வியாபாரிகள் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரியைத்தான் வீட்டில் போய்ச் சொல்லி வருத்தப்பட்டார்கள்.

அலுவலகத்தின் முழுப்பெயர் ‘முதலெழுத்து, முழுவடிவம் மற்றும் சுருக்கங்கள் இயக்ககம்’. இதை ஒரே மூச்சில் சொல்ல நுரையீரல் தனியாக வேண்டும் என்பதால், அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்து ஊழியர்களே ‘டிஃபா’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஊரில் சுருங்கிக் கிடக்கும் பெயர்களையெல்லாம் பிடித்து நீட்டி நிமிர்த்துவது அதன் வேலை. கடைப் பலகையில் ஓர் எழுத்து இருந்தால் அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆளுக்கு அத்தாட்சி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது. புதுப்பிக்காத கடைக்குப் பூட்டு, பூட்டின் மேல் அரக்கு, அரக்கின் மேல் டிஃபா என்று முத்திரை.

திறப்பு விழாவில் தலைமை விரிவாக்க அலுவலர் அம்பலவாணன் ஆற்றிய உரை ஊரில் இன்னமும் பேசப்படுகிறது. ஒல்லியான மனிதர். ஆனால் சொற்களை முழுதாகவே உச்சரிப்பார். ‘டீ’ என்று சொல்லமாட்டார். ‘தேயிலைப் பானம்’ என்பார். கொண்டுவருவதற்குள் அது ஆறிவிடும்.

“பெரியோர்களே! ஆங்கிலேயன் கெட்டது சுருக்கத்தால். ஆம்னிபஸ் என்று ஒரு சொல். லத்தீன் மொழி. ‘எல்லோருக்கும்’ என்று பொருள். நீளமாக இருக்கிறதே என்று அவன் முன்பக்கத்தை வெட்டி எறிந்தான். மிஞ்சியது பஸ். அதாவது ‘எல்லோருக்கும்’ என்பதில் எல்லோரும் போய்விட்டார்கள். ‘க்கு’ மட்டும் மிஞ்சியது. நீங்கள் தினமும் நாகப்பட்டினத்துக்கு எதில் ஏறிப் போகிறீர்கள்? ‘க்கு’வில் ஏறிப் போகிறீர்கள்!”

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்ததால் கூட்டம் பலமாகக் கைதட்டியது. அவர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“மொபிலே வல்கஸ் என்றால் நிலைகொள்ளாத கூட்டம். அதை மாப் என்று நறுக்கினான். நறுக்கியதில் கூட்டம் குப்பைக்குப் போயிற்று. ‘நிலைகொள்ளாத’ என்பது மட்டும் கையில் நின்றது. ஆனால் இன்றைக்கு மாப் என்றால் என்ன? கூட்டம்! ஃபனாட்டிக் என்றால் வெறியன். பின்பாதியை வெட்டி ஃபேன் என்றான், வெறியன் ரசிகனாகிவிட்டான். பாதி வெட்டினால் வெறியனே சாதுவாகிவிடுகிறான் என்றால், நிர்வாகம் இதைக் கண்டும் காணாமல் இருக்க முடியுமா? ஏன், என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயருக்கு முன்னால் டி, ஆர் என்று இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு புள்ளியும் இருக்கின்றன. இருபது ஆண்டுகளாக ஒருவர்கூட எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் கதி என்ன? அதுதான் சுருக்கத்தின் ஆபத்து!”

முடிக்கும்போது தாமே இயற்றிய ஒன்பதாவது விதியை எழுந்து நின்று வாசித்தார். “எந்த நிறுவனமானாலும் சரி, அதன் சுருக்கப்பெயர் தன் முழுவடிவத்தில் இல்லாத பொருளைப் பொதுமக்கள் வாயில் பெற்றுவிட்டால், அந்தப் பெயர் அன்றே செத்ததாகக் கருதப்பட்டு, நிறுவனம் பூட்டி முத்திரையிடப்படும்.” இந்த விதியை எல்லா ரசீதுக்கும் பின்னால் அச்சடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். தம் எழுத்து அச்சில் வருவதில் யாருக்குத்தான் ஆசை இல்லை?

இப்படிப்பட்ட காலத்தில்தான் காஜா நஜ்முதீனின் கடைக்கு அரக்கு வைத்தார்கள்.

காரைக்கால்மேடு போகிற சாலையில் ‘கே.எம்.எஸ்.ஏ. மரைன் ஸ்டோர்ஸ்’ என்று ஆங்கிலத்தில், பச்சை எழுத்தில் பலகை இருக்கும். வலை, நைலான் கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் கிடைக்கும். எங்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களுக்கு மூன்று நான்கு எழுத்தில் ஒரு ‘விலாசம்’ உண்டு. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் அதுதான் வரும்; சரக்கு மூட்டையின் வயிற்றிலும் அதுதான் இருக்கும். தபால்காரர் தெருப் பெயரைப் படிக்கமாட்டார், விலாசத்தைப் படிப்பார். எழுத்து கூடக்கூடக் கடன் கொடுப்பவனுக்குத் தைரியம் கூடும்.

கே என்பது காதர். எம் என்பது மீரான், இருவரும் பழைய முன்னோர். எஸ் என்பது நஜ்முதீனின் பாட்டனார் சுல்தான், கடையைத் தொடங்கியவர். ஏ என்பது யாருமில்லை.

இதில் ரகசியம் எதுவும் கிடையாது. கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். சுல்தான் மூன்றெழுத்தோடு கடை திறந்த வாரத்தில், எதிர்ச்சாரியில் இன்னொருவர் நாலெழுத்தோடு கடை திறந்தார். மூன்றெழுத்து என்றால் சில்லறை, நாலெழுத்து என்றால் மொத்த வியாபாரம் என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள். சுல்தான் பெயிண்டரைக் கூப்பிட்டு இன்னோர் எழுத்துப் போடச் சொன்னார். “டப்பாவுல அடியிலதான் முதலாளி கொஞ்சம் கெடக்கு. ஐ போட்டா ஒரே கோடு, சிக்கனம். ஆனா கடை பட்டினி கெடக்குற மாதிரி தெரியும். ஏ-ன்னா மூணு கோட்டோட முடிஞ்சிரும், பார்க்க ஆளு காலை அகட்டி நிக்கிற மாதிரி கம்பீரமா இருக்கும்” என்றார் பெயிண்டர். ஏ நின்றது. மறுவாரமே கடன் கிடைத்தது. அறுபது வருஷத்துக்கும் மேலாக அந்த ஏ சம்பளம் வாங்காமல் உழைத்துக்கொண்டிருக்கிறது.

அரக்கு வைத்தது ஜூன் முதல் வாரம். இதன் அர்த்தம் கடற்கரையில் இருப்பவனுக்குத்தான் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் பதினான்காம் தேதியோடு முடிகிறது. இரண்டு மாதமாகக் கரையில் நிற்கும் விசைப்படகுகள் அன்றிரவு கிளம்பும். அதற்கு முந்தின பத்து நாளில் நடப்பதுதான் நஜ்முதீனின் ஒரு வருஷ வியாபாரம். அதைவிட மோசம், கிளிஞ்சல்மேட்டு மாணிக்கவேலின் புது வலை கடைக்கு உள்ளே கிடந்தது. முழுப் பணத்தையும் கட்டியிருந்தார், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து.

“பாய், எழுத்தை விரிப்பீங்களோ மடிப்பீங்களோ, பதினாலாந்தேதி சாயங்காலத்துக்குள்ள என் வலை படகுல இருக்கணும். இல்லன்னா நானும் எம் பொண்டாட்டியும் உங்க வீட்டு வாசல்ல வந்து வலைக்குப் பதிலா படுத்துக்குவோம்” என்றார் மாணிக்கவேல்.

நஜ்முதீன் டிஃபாவுக்குப் போனார். நாலெழுத்துக்கும் தலைக்கு முந்நூற்றைம்பது என்று, சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தில் கைபேசியைக் காட்டிக் கட்டினார். எழுத்துக்கு ஒன்றாக ரசீது வந்தது. காதர், மீரான், சுல்தான் மூவரும் ஒரு மணி நேரத்தில் விரிந்தார்கள். கணினியில் உட்கார்ந்திருந்த ஜெயப்ரியா நாலாவது கட்டத்துக்கு வந்து நின்றாள்.

“ஏ யாருங்க?”

“யாருமில்லம்மா. அழகுக்கு.”

“கட்டத்தைக் காலியா விட்டா செவப்பாயிரும்ங்க. உயிரோட இருக்காரா, காலமாயிட்டாரா?”

“பொறக்கவே இல்ல.”

அவள் பட்டியலைக் கீழே இறக்கிப் பார்த்தாள். “உயிருடன் இருப்பவர், காலமானவர், காணாமற்போனவர். மூணுதாங்க இருக்கு. பொறக்காதவர்ங்கிறது அடுத்த வெர்ஷன்ல வருதுன்னு சொன்னாங்க.”

“அப்ப அந்த எழுத்தையே எடுத்துர்றேம்மா. இன்னிக்கே சுண்ணாம்பு அடிச்சு அழிச்சிர்றேன்.”

அதற்கு அவளுக்கு அதிகாரம் இல்லை. அம்பலவாணனின் அறைக்கு அனுப்பினாள்.

அம்பலவாணன் நஜ்முதீனின் பேச்சை முழுதாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “அழிப்பதா? நாலு பேர் விலாசத்தில் ஒருவரை நீக்குவது, நாலு பங்காளிகளில் ஒருவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். அவருடைய ஒப்புதல் கடிதம் கொண்டுவாருங்கள்.”

“ஆளே இல்லீங்களே சார்.”

“எழுத்து இருக்கிறது அல்லவா?”

“இருக்கு.”

“எழுத்து இருக்கிறது, ஆள் இல்லை. இதற்கு என்ன பொருள்? ஆளைக் காணவில்லை என்று பொருள். அறுபது ஆண்டுகளாக ஒருவரைக் காணவில்லை; நீங்கள் புகார்கூடக் கொடுக்காமல் கயிறு விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்! காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, ஏற்புச் சீட்டு வாங்கி வாருங்கள்.”

காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் கலைவாணன் இருந்தார். நஜ்முதீனை நன்றாகத் தெரிந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மனுத்தாளை எடுத்தார். “எழுதிக் குடுத்தாத்தான் உங்களை விடுவாங்கன்னா எழுதிக் குடுத்துட்டுப் போறேன் பாய். ஆனா மனுன்னா எல்லாக் கேள்வியும் கேட்டாகணும். பேரு?”

“ஏ.”

“உயரம்?”

“ஒன்றரை அடி இருக்கும்.”

“நிறம்?”

“பச்சை. வெயில்ல கொஞ்சம் வெளுத்திருக்கும்.”

“கடைசியா எங்க பார்த்தீங்க?”

“இப்ப வரும்போது பார்த்தேன். எஸ்ஸுக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு.”

கலைவாணன் எழுதுவதை நிறுத்தாமல் கேட்டார். “அவருக்கு யார்கூடயாவது விரோதம் உண்டா?”

“எதிர்க்கடைக்காரர்கூட” என்றார் நஜ்முதீன். அது ஒன்றுதான் அந்த மனுவில் முழு உண்மை.

சீட்டோடு திரும்பியவரிடம் டிஃபா அடுத்த உத்தரவைக் கொடுத்தது. காணாமற்போனவரைப் பற்றிப் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். செய்தித்தாளின் மூலையில் அறிவிப்பு வந்தது. ‘கே.எம்.எஸ்.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஏ என்பவரைக் காணவில்லை. அவரோ அவருடைய வாரிசுகளோ தங்கள் பங்கைக் கோர விரும்பினால் இயக்ககத்தை அணுகவும்.’

‘பங்கு’ என்ற சொல்லை ஏன் போட்டீர்கள் என்று நஜ்முதீன் அலறியதற்கு, மாதிரிப் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று ஜெயப்ரியா சொன்னாள்.

மறுநாள் காலையில் நஜ்முதீன் வீட்டு வாசலில் இரண்டு வாரிசுகள் நின்றார்கள். ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று பென்ஷன் வாங்கும் அந்துவான். இன்னொருவர் நெடுங்காட்டு விவசாயி அருணாசலம். இருவரும் தங்கள் பாட்டனார்தான் அந்த ஏ என்று சொன்னார்கள். பாட்டனார்களின் பெயர்களும் முறையே அந்துவான், அருணாசலம். அத்தாட்சி கேட்டால், கோருகிறவர் அத்தாட்சி தர வேண்டியதில்லை, மறுக்கிறவர்தான் தர வேண்டும் என்று டிஃபாவில் சொன்னதாகச் சொன்னார்கள். விசாரித்தால் உண்மை.

“மிசியே நஜ்முதீன், நமக்குள்ள கோர்ட்டு கீர்ட்டு வேணாம். கடையில கால் பங்கு. நான் போயிர்றேன்” என்றார் அந்துவான்.

நஜ்முதீனின் மனைவி நஜீபா உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரைக் கூப்பிட்டு, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். “இந்தாங்க. வாயில பேசுனா ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்துருவாங்க. துண்டுக்குள்ள பேசுங்க. தனித்தனியா.”

மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்திக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பார்க்கிறவனுக்கு இரண்டு மனிதர்கள் கைகுலுக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது மட்டும் தெரியும். எங்கள் தெருவில் துண்டுக்குள் வீடு கைமாறியிருக்கிறது, தோணி கைமாறியிருக்கிறது. ஒரு பாட்டனாருக்கு விலை பேசியது அதுதான் முதல் தடவை.

அந்துவான் கால் பங்கில் தொடங்கினார். நஜ்முதீன் அவருடைய சுண்டுவிரலை மட்டும் பிடித்தார். அந்துவான் முகம் சுளித்தார். பிறகு நஜ்முதீன் அருணாசலத்திடம் போனார். இரண்டு பாட்டனார்கள் சந்தைக்கு வந்துவிட்டார்கள், வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் என்ன ஆகும்? முற்பகலுக்குள் பாட்டனார் விலை சரிந்தது. கால் பங்கு அரைக்கால் ஆயிற்று. பிறகு நெல் கட்டக் கயிறு நூறு மீட்டர் ஆயிற்று. கடைசியில் அந்துவான், தினமும் பதினொரு மணிக்குக் கடையில் ஒரு நாற்காலி, ஒரு டீ, பேச ஓர் ஆள் என்று இறங்கிவந்து, எந்த வருஷத்துப் பாட்டனாரையும் தரத் தயார் என்றார். பென்ஷன்காரருக்கு வீட்டில் பொழுது போகவில்லை.

நஜ்முதீன் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு டிஃபாவுக்கு ஓடினார்.

“ஏற்க முடியாது. ஓர் எழுத்துக்கு இரண்டு பாட்டனார்கள். இது விசாரணைக்கு உரியது. பதினான்காம் தேதி பிற்பகல் எல்லோரும் வாருங்கள்” என்றார் அம்பலவாணன்.

அருணாசலம் பின்வாங்கக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பாட்டனாரைத் திரும்பப் பெறுவதற்குத் தனிக் கட்டணம் என்று தெரிந்ததும் போடவில்லை.

இதற்கிடையில் ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நஜ்முதீனைக் கடைத்தெருவில் பார்த்தவர்கள், “எங்க பாய்?” என்று கேட்க, அவர் “டிஃபா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். பதில் எப்போதும் ஒன்றாகவே இருந்ததால், அந்தச் சொல் அவர் முகத்தின் சோர்வோடு ஒட்டிக்கொண்டது. முதலில் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். வேலைக்கு மனுப்போட்டுப் பதில் வராவிட்டால் டிஃபா ஆயிருச்சு என்றார்கள். பிறகு மீன் ஏலக்கூடத்துக்குப் போயிற்று. அங்கிருந்து எப்போது சமையல்கட்டுக்குள் நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஊறவைத்து அரைக்க மறந்துபோன அரிசியை, “டிஃபாவா கெடக்கு” என்று நஜீபாவே சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள்.

பதினான்காம் தேதி பிற்பகல் டிஃபா கூடம் நிரம்பியிருந்தது. நஜ்முதீன், நஜீபா, இரண்டு வாரிசுகள், வெளியே போகமாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட மாணிக்கவேல். கருவாட்டுக் கடைப் பலகைக்காக அலையும் காசியம்மாவும் ஓர் ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அம்பலவாணன், அந்துவானின் பாட்டனாரையும் அருணாசலத்தின் பாட்டனாரையும் ஒப்பிட்டு நோக்க ஒரு வல்லுநர் குழு அமைக்கப்படும், அது மூன்று மாதத்தில் அறிக்கை தரும் என்று தொடங்கினார்.

மாணிக்கவேல் எழுந்து உள்ளே வந்தார்.

“சார், ராத்திரி படகு கெளம்புது. அறுபது நாளு கரையில கெடந்திருக்கோம். வலை அந்தப் பூட்டுக்குள்ள இருக்கு, சங்கிலி அடகுல இருக்கு. நீங்க மூணு மாசம்ங்கிறீங்க. ஒரு மனுசனை எவ்வளவுதான் சார் டிஃபா பண்ணுவீங்க?”

அம்பலவாணனின் பேனா நின்றது. “என்ன பண்ணுவோம்?”

“டிஃபா சார்.”

“டிஃபா என்பது இந்த அலுவலகத்தின் பெயர்.”

மாணிக்கவேல் அவரை நிமிர்ந்து பார்த்தார். “அந்தப் பேரையேவா ஆபீசுக்கு வச்சிருக்கீங்க? தைரியந்தான் சார்.”

அம்பலவாணனுக்குக் கோபம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று. எலியைக் கண்ட பூனையின் கண்ணில் வருமே, அது. ஒரு சுருக்கம் தம் கண்ணெதிரே பொருள் மாறி நிற்கிறது! பஸ்ஸையும் மாப்பையும் அவர் புத்தகத்தில்தான் பார்த்திருந்தார். வெள்ளைத்தாள் எடுத்தார். “இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.”

காசியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். “விக்காம மீந்து, ஐசும் கரைஞ்சு, பூனைக்கும் போட மனசு வராம, வீட்டுக்கும் எடுத்துட்டுப் போக முடியாம கூடையில கெடக்கும் பாருங்க. அது டிஃபா மீனு.”

அருணாசலம் சொன்னார். “வாய்க்கால்ல தண்ணி வருது வருதும்பாங்க. நெடுங்காடு வரைக்கும் வந்து சேராது. தண்ணி டிஃபாம்போம்.”

“என் பேத்தியைப் பொண்ணு பார்த்துட்டு, யோசிச்சுச் சொல்றோம்னு எழுந்தாங்க. அவங்க வாசல்ல செருப்பு மாட்டும்போதே எங்க வீட்டம்மா சொல்லிட்டா” என்றார் அந்துவான். “டிஃபா.”

ஜெயப்ரியா மெதுவாக, “சார், நாங்களும் மதியம் சாப்பாட்டு நேரத்துல அப்புடித்தான் சொல்லுவோம்” என்றாள்.

“அற்புதம்! இத்தனை சாட்சி. ஒருவர் வாயில்கூட முதலெழுத்தும் இல்லை, முழுவடிவமும் இல்லை!” அம்பலவாணன் எழுதிக்கொண்டே போனார்.

நஜீபா கைப்பையிலிருந்து முந்நூற்றைம்பது ரூபாய் ரசீதை எடுத்து, பின்பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தாள். “சார், இதுல ஒன்பதாவது விதின்னு போட்டிருக்கே, யார் எழுதுனதுங்க?”

“நான்தான் அம்மா.”

“நெனச்சேன். வார்த்தையெல்லாம் சும்மா கெட்டியா நிக்குது. ‘எந்த நிறுவனமானாலும் சரி’ன்னு எழுதியிருக்கீங்க. எங்க மாதிரி சின்ன ஆளுங்களை மட்டும் சொல்றீங்களா, இல்ல பெரிய இடத்தையும் சேர்த்தா?”

“சட்டத்தின் முன் சின்னது பெரியது கிடையாது.”

“அதான் கேட்டேன். ஒருத்தர் சொல்றாங்க, இந்த ஆபீசுக்கு மட்டும் ஒங்க விதி செல்லாதாம். மேலிடம் ஒத்துக்காதாம். ஒங்களுக்கு அவ்வளவு பவர் இல்லன்னு பேசிக்கிறாங்க.”

அப்படி யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வியாபாரி வீட்டுப் பெண்ணுக்குச் சரக்கைத் தள்ளிவிடும் இடம் தெரியும். அம்பலவாணன் எழுந்து நின்றார். திறப்பு விழாவில் நின்றதைவிட ஓர் அங்குலம் உயரமாக நின்றார்.

“யார் சொன்னது பவர் இல்லை என்று? கடைகளுக்குப் பூட்டுப் போட்ட அலுவலர்கள் ஆயிரம் பேர் உண்டு. தன் இயக்ககத்துக்கே பூட்டுப் போட்ட அலுவலர் ஒருவர் உண்டா? எனக்கு மக்கள் முக்கியம் அல்ல, கோப்பு முக்கியம் அல்ல, இந்த அலுவலகமே முக்கியம் அல்ல. விதி முக்கியம். அதிலும் நான் எழுதிய விதி! ஜெயப்ரியா, அரக்கைக் காய்ச்சுங்கள்!”

எல்லோரையும் வெளியேற்றினார். பூட்டினார். முத்திரைக் கட்டையில் டிஃபா என்று இருந்ததால் அதைத் தொட மனம் ஒப்பவில்லை. சூடான அரக்கில் தம் கட்டைவிரலையே வைத்து அழுத்தினார். உதறிக்கொண்டு திரும்பியபோது கண்ணில் நீர் இருந்தது. கடமை உணர்ச்சி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நஜ்முதீன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “என் கோப்பு உள்ள போச்சே!”

“பத்திரமாக இருக்கும்” என்றார் அம்பலவாணன், விரலை ஊதிக்கொண்டே.

நஜீபா விடவில்லை. “சார், எங்க கடைப் பூட்டுல ஒரு அரக்கு ஒட்டியிருக்கே. அதுல என்ன எழுத்து இருக்கு?”

“டிஃபா.”

“அது யாரு சார்?”

அம்பலவாணன் வாயைத் திறந்தார். விரலை ஊதுவதையும் மறந்துபோனார். கடைசியில், தம் வாழ்நாளிலேயே மிகச் சிறிய குரலில் சொன்னார்.

“எழுத்து இருக்கிறது. ஆள் இல்லை.”

“அப்புடின்னா?”

“ஆளைக் காணவில்லை என்று பொருள்.”

“போலீசுல சொல்லணுமாங்க?” என்று மாணிக்கவேல் கேட்டார். கேட்டது நடந்துகொண்டே. பதில் வருவதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

அரக்கைக் கயிறு அறுக்கும் கத்தியால் நஜ்முதீனே சுரண்டினார். கதவு மேலேறியபோது காரைக்கால்மேட்டிலிருந்தும் கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் வந்த ஆட்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பத்து நாள் வியாபாரம் நாலு மணி நேரத்தில் நடந்தது. நஜ்முதீன் விலை கூட்டிச் சொல்லவில்லை, கேட்டவரும் குறைக்கவில்லை. அவசரத்தில் எங்கள் ஊர் பேரம் என்ற தன் மதத்தையே மறந்துபோனது அன்றைக்கு ஒரு நாள்தான். மாணிக்கவேல் தன் வலையை ஆட்டோவில் ஏற்றி, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். இறங்கச் சொன்ன ஆட்டோக்காரரிடம், “இதை விட்டு இறங்குனா மறுபடி எவனாவது விரிச்சிப்புடுவான்” என்றார்.

சங்கிலி ஆடி பிறப்பதற்குள் அடகிலிருந்து திரும்பியது.

இயக்ககம் மூன்று மாதத்தில் மறுபடி திறந்தது. இம்முறை யாரும் சுருக்கிவிட முடியாதபடி புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள்; பலகை இரண்டு கட்டடத்துக்கு ஓடுகிறது, பாதிப் பெயர் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கிறது. ஜனங்கள் அதை டிஃபா என்கிறார்கள். அம்பலவாணனுக்குப் பதவி உயர்வு. விரலில் தழும்பு. அந்துவான் தினமும் பதினொரு மணிக்குக் கடைக்கு வருகிறார். வழக்கு போனாலும் துண்டுக்குள் பேசினது பேசினதுதான் என்று நஜ்முதீன் நாற்காலி போடுகிறார். ஏ அதே இடத்தில், காலை அகட்டிக்கொண்டு நிற்கிறது. பச்சை பெயிண்ட் புதுசு.

வருஷக் கடைசியில் நஜ்முதீன் கணக்கு முடித்தார். தடைக்காலத்துக் கடன் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஏ-க்குக் கட்டிய முந்நூற்றைம்பது ரூபாயை மட்டும் எதில் எழுதுவது என்று தெரியவில்லை. நஷ்டம் என்று எழுத வியாபாரிக்குக் கை வரவில்லை. நஜீபாவைக் கேட்டார். அவள் சொன்னபடியே எழுதினார். இன்னும் அப்படியே இருக்கிறது:

கே, எம், எஸ், மூன்று உருப்படி. வந்து சேர்ந்தது, கணக்கு நேர்.

அரசிடமிருந்து வரவேண்டியது: பாட்டனார், ஒன்று. பணம் கட்டியாயிற்று. சரக்கு வரவில்லை.